கூண் வேட்டையும் குடிபெயர்ந்தோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

    

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்தோம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் நம்மை இவ்வாண்டு பேசப் பணித்துவிட்டார்கள். அறியாத பொருளைப் பேசி அவையின் பொறுமையைச் சோதிப்பதினும், அறிந்த சிறு பொருளைப் பேசுதல் நன்று என்று கருதிக் காளானைத் தேர்ந்து கொண்டோம். அன்பர் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. ஆயினும் காளான் எளிய பொருளன்று. அதனை உண்டு பசியாறினாரும் உளர். அதனை உண்டு குடும்பத்தோடு மாண்டாரும் உளர். மழை பிடித்ததும் நம் குடியிருப்புகளின் பின்புறத்தே மரநிழலில் குடை குடையாய் முளைப்பதைப் பார்த்து, "இது நம் ஊர்க் காளான்தானே, பறித்துச் சமைக்கலாமா?" என்று நம் மகளிர் ஒருவரை ஒருவர் வினவுவதைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றோம். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தமிழர்க்குக் காளான் புதியதன்று. சங்கச் சான்றோர் அதனை 'ஆம்பி' என்றும் 'காளாம்பி' என்றும் வழங்கினர். பெரும்பாணாற்றுப்படையில், ஆய்மகள் கடையும் தயிரின் கட்டிகளுக்கு வெண்மையான ஆம்பி மொட்டினை உவமை கூறியுள்ளார் உருத்திரங்கண்ணனார். அதனைக் கேட்குங்கால் நமக்குப் பசி எழுகின்றது. ஆனால் புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச்சாத்தனார் காட்டும் ஆம்பியோ வேறு. நெடுநாள் உலை ஏற்றாத வறுமையால் அடுப்பிலேயே காளான் பூத்துவிட்டதென்று, காட்டிலிருந்த குமணனிடம் அவர் முறையிடுகின்றார். ஒரே பொருள் ஓரிடத்தில் செழிப்புக்கு உவமை. மற்றோரிடத்தில் வறுமைக்கு அடையாளம். எங்கே முளைத்தது என்பதைக் கொண்டே அதன் பொருள் மாறுகின்றது. இக்கருத்தை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

நம் சங்கத்தில் கோட்டுகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தார் பலர் உளர். ஏனையோர்க்காக அவ்வூரைப் பற்றிச் சில சொற்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகால், பாலராமபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரைக்கு அணித்தாய் உள்ளது. செம்மண் மேடுகளும், தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிறைந்த விளைகளும், மேடுகளுக்கிடையே ஏலாக்களும் கொண்ட ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மனிதர்க்கு எல்லை வகுத்தார்கள். ஆனால் காளானுக்கு எல்லைக்கல் தெரியாது. எல்லைக்கு இருபுறத்தாரும் அதனைக் 'கூண்' என்றே அழைத்து, ஒரே மழையில் தேடி, ஒரே முறையில் ஆக்கி உண்டு வந்தனர்.

கோட்டுகாலில் கூண் தேடும் காலம் இரண்டு. இடவப்பாதி மழை பெய்து மண் குளிர்ந்த ஆனி, ஆடித் திங்கள்கள் ஒன்று. துலாவருஷம் என்று மக்கள் கூறும் ஐப்பசி இடிமழைக் காலம் மற்றொன்று. பழந்தமிழர் கூதிர் என்றழைத்த பருவம் இது. மேலைநாட்டார் இலையுதிர் காலத்தில் துப்பாக்கியும் கூடையும் ஏந்திக் காட்டுக்குள் செல்வர் என்பர். நம் ஊர்க்குக் கிழக்கே நெய்யாற்றின் தலைப்பிலும் அகத்தியர் மலையடியிலும் காடு உண்டு. அங்கு வாழும் காணிக்காரர் கூண் வகைகளை நன்கறிந்தவர். நெய்யாறு வனவிலங்குப் புகலிடம் 1958-இல் அமைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையும் ஒழியலாயிற்று. ஒழிய வேண்டியதே. ஆனால் கூண் வேட்டைக்குத் துப்பாக்கியும் வேண்டா, பெருங்காடும் வேண்டா. தென்னந்தோப்பின் ஓரமும், பாம்புக் காவின் நிழலும், இடிந்த கையாலையின் அடியுமே கோட்டுகாலாரின் வேட்டைக் காடு.

வேட்டைக்குரிய நேரம் விடியற்காலை. முன்னிரவு இடி முழங்கிப் பெய்து ஓய்ந்தால், பொழுது புலருமுன் வீட்டின் பெரியவர் பனையோலைப் பெட்டியோடு புறப்பட்டுவிடுவார். பிந்தினால் இருவகை இழப்பு உண்டு. பிறர் முந்திக்கொள்வர் என்பது ஒன்று. வெயில் ஏறினால் குடை விரிந்து நைந்து, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பது மற்றொன்று. கூண் முளைக்கும் இடம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் மறைபொருள் போன்றது. "எங்கே கிடைத்தது?" என்று வழியில் யாரேனும் கேட்டால், "அந்தப் பக்கத்து விளையில்" என்று பொதுவாகக் கூறிவிட்டு நடப்பதே வழக்கம். தந்தை மகனுக்கும் பாட்டி பேத்திக்கும் மட்டுமே அவ்விடத்தைக் காட்டுவர். நம்மையும் அவ்வாறே அழைத்துச் சென்று, "இந்தப் புற்று, இந்த மாதம், இந்தப் பக்கம்" என்று கை நீட்டிக் காட்டினார்கள். இலக்கணம் எதுவும் சொல்லித் தரவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் சிறப்பாகக் கருதப்படும் பெருங்கூண் மண்ணில் தானாக முளைப்பதன்று, கரையான் வளர்ப்பது. இதனைச் சற்று விரித்துரைப்போம். சிலவகைக் கரையான்கள் உதிர்ந்த இலையையும் காய்ந்த மரத்தையும் தின்று, அவற்றைத் தாமே முற்றும் செரிக்க மாட்டாமல், புற்றின் உள்ளறையில் கழிவாக இட்டுத் தேனடை போன்ற அடைகளை அமைக்கின்றன. அவ்வடையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து மரச்சத்தைப் பதப்படுத்துகின்றது. அதன் வெண்ணிற மணிகளையும் பழுத்த அடையையும் கரையான்கள் உண்கின்றன. மனிதன் ஏர் பிடித்து ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளே ஆயின. கரையானோ ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளாக இவ்வேளாண்மையைச் செய்து வருகின்றது என்று அறிஞர் கணித்துள்ளனர். மழைக்காலம் வந்ததும் அப்பூஞ்சணம் புற்றின் ஆழத்திலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை மேல்நோக்கி விட்டு, ஈட்டிமுனை போன்ற கூரிய தலையால் கடுமண்ணைத் துளைத்து வெளிவந்து குடை விரிக்கின்றது. அதுவே நம் கூண்.

இவ்வினத்திற்குப் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் எய்ம் 1942-இல் 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயரிட்டார். கரையான் காளான் என்பது அதன் பொருள். தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு வகைக்கு, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் நடராசன் 1979-இல் அந்த எய்மின் பெயரையே சூட்டினார். அரிசியை வாரி இறைத்தாற்போல் நூற்றுக்கணக்கில் முளைக்கும் அரிக்கூணும் இவ்வினமே. கரையான்கள் உள்ளடையின் துணுக்குகளை வெளியே கொணர்ந்து பரப்பிய இடத்தில் அது தோன்றும். கோவை வேளாண் ஆராய்ச்சியாளர் 1940-களிலேயே வைக்கோற் காளானை வளர்த்துக் காட்டினர். வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் பெயரிடப்பட்ட பால் காளானைத் தமிழ்நாட்டில் இன்று குடிசைத் தொழிலாக வளர்க்கின்றனர். ஆனால் கரையான் காளானைத் தோட்டப்பயிர் போல் விளைவித்துச் சந்தைக்குக் கொணரும் வழி இன்றுவரை மனிதர்க்கு வாய்க்கவில்லை. கரையான் துணையின்றி அது விளைவதில்லை.

இப்போது பெரியவர்கள் காட்டிய முறையின் நுட்பம் விளங்கும். அவர்கள் கூணைக் கிள்ளுவதில்லை; விரலால் மண்ணை விலக்கி, நீண்ட தண்டு அறுபடாமல் மெல்ல இழுப்பர். தண்டு கீழே புற்றை நோக்கி நீண்டு செல்கின்றதா என்பது அவர்கள் பார்க்கும் முதல் அடையாளம். ஆண்டுதோறும் கூண் எழும் அதே புற்றா என்பது இரண்டாவது. பருவம் அதுவா என்பது மூன்றாவது. குடையின் நிறத்தையும் வடிவையும் பார்ப்பது இவற்றிற்கெல்லாம் பின்னரே. எனவே அவர்கள் அறிவு காளானைப் பற்றிய பொது அறிவன்று. இந்தப் புற்று, இந்த மழை, இந்தத் தண்டு என்னும் இடத்தறிவு. அதனாற்றான் அது பிழைபடாது நின்றது.

பறித்து வந்த கூணை மஞ்சள் கலந்த நீரில் அலசித் தேங்காயும் காந்தாரி மிளகும் சிறிய உள்ளியும் அரைத்துச் சேர்த்துத் துவரனாகவோ, வறுத்தரைத்த தீயலாகவோ ஆக்குவர். மிகுதியாகக் கிடைக்காத நாளில் வாழையிலையில் பொதிந்து தணலில் சுட்டு, மரச்சீனியோடும் கஞ்சியோடும் பங்கிட்டு உண்பதும் உண்டு. இறைச்சி வாங்க இயலாத வீடுகளில் அன்று விருந்து. சாத்தனார் அடுப்பில் பூத்த ஆம்பி வறுமையைக் காட்டிற்று; கோட்டுகாலின் கூணோ வறுமையைச் சில நாளேனும் மறக்கச் செய்தது.

இடிக்கும் காளானுக்கும் உறவு உண்டென்று நம் முன்னோர் கூறியதை இங்கே குறிப்பிட வேண்டும். இந்நம்பிக்கை நம்முடையது மட்டுமன்று. கிரேக்க அறிஞர் புளூட்டார்க், நிலத்தடிக் காளான்கள் இடியால் தோன்றுகின்றன என்னும் கருத்தை விருந்துரையாடலில் வைத்து ஆராய்ந்துள்ளார். நம் காலத்தில் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், உயர் மின்னழுத்தத்தை நொடிப்பொழுது செலுத்திச் சில வளர்ப்புக் காளான்களின் விளைச்சலைப் பெருக்கிக் காட்டியுள்ளனர். ஆனால் புற்றுக் கூணை எழுப்புவது மழையின் ஈரமும் மண்ணின் குளிர்ச்சியுமே என்று கொள்வது போதும். இடி, அம்மழையின் அறிவிப்பு.

இனி, நாம் வந்து குடியேறிய இந்நிலத்தின் காட்டைப் பார்ப்போம். சோட்டா நாகபுரிப் பீடபூமியில் சால மரக்காடுகள் பரந்து கிடக்கின்றன. வங்க நாகபுரி இருப்புப்பாதைக் குழுமம் 1887-இல் தோன்றிய பின், தமிழரும் ஏனைத் தென்னாட்டாரும் வேலை தேடி இப்பக்கம் வரலாயினர். மழைக்காலத்தில் இங்குள்ள சந்தைகளில் முண்டா, ஹோ, சந்தால், ஒராவோன் இன மகளிர் இலைப்பொட்டலங்களில் காளான் வைத்து விற்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். உருண்டையாய், சிறு கிழங்கு போல் மண் ஒட்டிக் கிடப்பது 'ருக்டா'. அது சால மரத்தின் வேரோடு கூடி வாழ்வது. மரம் பூஞ்சணத்துக்கு இனிப்புச் சத்தைத் தர, பூஞ்சணம் மரத்திற்கு நீரையும் உப்புச் சத்தையும் தேடித் தருகின்றது. சிராவணத் திங்களில் புலால் விலக்கும் இப்பகுதியினர் இதனை இறைச்சிக்கு ஈடாகக் கொண்டாடுகின்றனர். மற்றொன்று 'குக்டி'. நீண்ட தண்டும் கூரிய நடுமுனையும் உடைய அது நம் கரையான் காளான் இனமே. ஆயிரம் மைலுக்கு அப்பால் நம் கூணைச் சந்திக்கும்போது, ஊராரைக் கண்டாற்போல் மகிழ்ச்சி உண்டாகின்றது.

இம்மகிழ்ச்சியிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. சந்தையில் விற்கும் மூதாட்டி அக்காட்டிலே பிறந்தவர். எந்த மரத்தடியில், எந்தப் புற்றில் எடுத்தார் என்பதை அறிவார். நாமோ, நம் ஊரில் கண்ட உருவத்தை நினைவில் கொண்டு, இந்த ஊர் மரத்தடியில் முளைத்ததற்கு அப்பெயரை இட்டு விடுகின்றோம். உருவத்தைச் சுமந்து வந்தோம். இடத்தைச் சுமந்து வரவில்லை.

குடிபெயர்ந்தோர்க்கும் காளானுக்கும் உள்ள உறவை உலக வரலாறு இரு வகையாகக் காட்டுகின்றது. முதலில் நல்லதைச் சொல்வோம். ருசிய மக்கள் காளான் தேடுவதை 'அமைதி வேட்டை' என்று அழைப்பர். அவர்களுக்கு அண்டை நாடான பின்லாந்தில், பிறர்க்குரிய காட்டிலும் எவரும் நுழைந்து காளானும் காட்டுக் கனியும் பறிக்கலாம் என்பது மக்கள் உரிமை. ஆயினும் அந்நாட்டின் மேற்குப் பகுதியார் முற்காலத்தில் காளானை அவ்வளவாக விரும்பியதில்லை. கிழக்கே கரேலியப் பகுதியார்தாம் அதனை உப்பிட்டும் ஆக்கியும் உண்டனர். இரண்டாம் உலகப் போரில் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் நாட்டிற்குச் சென்றுவிட, ஏறத்தாழ 4 லட்சம் கரேலியர் வீடிழந்து பின்லாந்தின் பிற பகுதிகளில் குடியமர்ந்தனர். மண்ணை இழந்து வந்த அம்மக்கள் தம் காளான் அறிவை மேற்குப் பகுதியார்க்கும் பரப்பினர். குடிபெயர்ந்தோர் கொண்டுவந்த கொடை அது. அது கொடையாய் விளைந்ததற்குக் காரணம், பழைய ஊரின் காடும் புதிய ஊரின் காடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தமையே.

காடு மாறினால் என்ன நேரும்? ஐரோப்பாவில் 'மரணக் குடை' என்னும் பொருள்பட வழங்கும் காளான் ஒன்று உண்டு. வெளிறிய பசுமஞ்சள் குடை, வெண்ணிற மடிப்புகள், தண்டில் ஒரு வளையம், அடியில் கிண்ணம் போன்ற பை ஆகியவை அதன் உறுப்புகள். கருவாலி மரத்தின் வேரோடு அது கூடி வாழ்கின்றது. ஐரோப்பியர் தம் நாட்டுக் கருவாலிக் கன்றுகளை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நட்டபோது, வேரோடு ஒட்டி அக்காளானும் கடல் கடந்து குடியேறிற்று. மனிதர் மட்டுமல்லர், காளானும் குடிபெயர்கின்றது! பின்னர்க் கிழக்காசிய நாடுகளிலிருந்து அங்கு வந்து குடியேறியோர், தம் ஊர் வைக்கோற் காளானின் மொட்டு இதே உருவினதாகலின், அதுவென்றே எண்ணிப் பறித்து உண்டு உயிரிழந்தமை பலமுறை நேர்ந்துள்ளது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இரவு ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவில், சீன நாட்டினரான உணவு விடுதிச் சமையற்காரர் ஒருவர் தாமே பறித்த காளானைச் சமைத்துத் தோழரோடு உண்டார். சில நாட்களில் அவரும் உடனுண்ட மற்றொருவரும் மாண்டனர். சமையலே தொழிலாகக் கொண்டவர் அவர். கைத்திறமையில் குறைவில்லை, இடம் மட்டும் மாறிவிட்டது.

நம் நாட்டிலும் அத்தகைய துயரம் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மேல் அசாமில் நச்சுக்காளான் உண்டு 35 பேர் திப்ரூகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 13 பேர் சில நாட்களில் உயிர் துறந்தனர். குழந்தைகளும் அதில் அடக்கம். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அத்தொழிலாளர் பலரின் முன்னோர், கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நாம் இன்று வாழும் இதே சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. தலைமுறைகள் சென்ற பின்னும் காளான் ஆசை அவர்களை விட்டு நீங்கவில்லை. மலாயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் தோட்ட வேலைக்குச் சென்ற நம் தமிழ் மக்களை நினைத்துப் பார்க்கின்றோம். கூலி குறைந்த வாரத்தில், காட்டோரம் முளைத்த காளானைக் கண்டு ஊர் நினைவோடு கை நீட்டாதவர் அவர்களுள் யார்?

காளான் நஞ்சைக் கண்டறியப் பல சோதனைகள் நம் மக்களிடையே வழங்குகின்றன. கொதிக்கும் காளானில் வெள்ளிக் காசு இட்டால் கறுக்கும் என்பர். பூண்டு அல்லது அரிசி நிறம் மாறும் என்பர். மஞ்சள் நஞ்சை முறிக்கும் என்பர். பூச்சி தின்றது மனிதர்க்கும் ஆகும் என்பர். நன்றாக வேகவைத்தால் தீது நீங்கும் என்பர். இவற்றுள் ஒன்றேனும் நம்பத் தக்கதன்று. மரணக் குடையின் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. வெள்ளியையும் கறுக்கச் செய்வதில்லை. நத்தையும் பூச்சியும் அதனை உண்டு தீங்கின்றித் திரிகின்றன. சுவையும் எச்சரிப்பதில்லை, உண்டு பிழைத்தோர் அது சுவையாகவே இருந்தது என்று கூறியுள்ளனர். நம் பாட்டிமார் மஞ்சள் இட்டு ஆக்கிய கூண் தீங்கு செய்யாதிருந்தது மஞ்சளின் ஆற்றலால் அன்று. அவர்கள் சரியான புற்றில் சரியான கூணை எடுத்ததனால்தான். சோதனை துணைச்சடங்கு, இடமே காவல். சடங்கை மட்டும் சுமந்து வந்து, காவலை ஊரிலேயே விட்டுவந்தோம்.

நச்சுக் காளானின் வஞ்சகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உண்ட உடனே வாந்தி எடுக்கச் செய்யும் வகைகளும் உண்டு. தென்னாட்டுப் புல்தரைகளில் மழைக்குப் பின் எழும் பெரிய வெண்குடை ஒன்று அவ்வகை. அதன் மடிப்புகள் முதிருங்கால் பசுநிறம் கொள்ளும். அது வயிற்றைக் கலக்கித் துன்புறுத்தும். ஆனால் உயிரைப் பறிக்கும் வகையோ பொறுமையாய் இருக்கும். உண்டபின் 6 மணி நேரத்திற்கு மேல், சில வேளை ஒரு நாள் வரை, எந்தக் குறியும் தோன்றாது. பின்னர்க் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அடுத்த நாள் தணிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டார் தெய்வத்திற்கு நன்றி கூறுவர். அவ்வேளையில் நஞ்சு கல்லீரலை அழித்துக் கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளித்து அறிவு கலங்கும். ஆகவே காளான் உண்ட பின் வாந்தி கண்டால், அது தணிந்தாலும் காத்திராமல், அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். சமைத்ததில் மிச்சமிருந்தாலும், தோலும் தண்டும் குப்பையில் கிடந்தாலும், அவற்றையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். உடன் உண்டோர் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்துச் செல்லல் வேண்டும். காலம் தாழ்ந்தால் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையன்றி வேறு வழி இல்லாது போதலும் உண்டு.

அவ்வாறாயின், காளானையே வெறுத்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. அறிவு இடத்தோடு பிணைந்தது என்றால், புதிய இடத்தில் நாம் மீண்டும் மாணாக்கராக வேண்டும், அவ்வளவே. இவ்வூர்க் காட்டை அறிந்தவர் இவ்வூர் ஆதிகுடி மகளிர். அவர்களைக் 'காட்டார்' என்று எளிதாக எண்ணி, பேரம் பேசி வாங்குவதோடு நம் உறவை முடித்துக்கொள்கின்றோம். இக்கலையில் அவர்கள் நமக்கு ஆசிரியர். அவர்கள் உண்பதையும் விற்பதையும் வாங்கி உண்போம். அவர்கள் தொடாததை நாமும் தொடாதிருப்போம். நாமே பறிக்கும் ஆசை எழுந்தால், ஒரு பருவமேனும் அவர்கள் பின்னே கூடை சுமந்து நடந்து கற்போம். இரண்டிலும் ஐயம் இருப்பின், பண்ணைகளில் வளர்த்து விற்கும் சிப்பிக் காளானும் பால் காளானும் இருக்கவே இருக்கின்றன.

ஊரில் உள்ள நிலையையும் ஒரு சொல் கூற வேண்டும். விடுமுறையில் கோட்டுகால் செல்லும்போது, பழைய புற்றுகள் பலவற்றைக் காணோம். வீடு கட்டுமுன் அடித்தளத்தில் கரையான் மருந்து ஊற்றுகின்றனர். மேட்டு மண்ணை எந்திரம் கொண்டு வெட்டிப் பள்ளத்தை நிரப்புகின்றனர். 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனால் வரும் வேலையும் வளமும் நம் மக்களுக்கு வேண்டியவையே. வீடும் சாலையும் வேண்டா என்று கூறுவார் யாருமிலர். ஆயினும் ஒரு புற்று அழிந்தால் அதனோடு ஒரு குடும்பத்தின் மறைபொருளும் அழிகின்றது. புற்றைத் தெய்வமாகப் போற்றிப் பாலும் பூவும் வைத்த வழக்கமும், பாம்புக் காவுகளில் கோடரி வைக்கலாகாது என்னும் கட்டுப்பாடும் கூணுக்கும் காவலாய் நின்றன. காவல் தளர்ந்துவிட்டது. காட்டித் தரும் முதியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இடம் அழிந்து, இடமறிந்தவரும் மறைந்தபின், நம் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினாலும் அங்கும் அவர்கள் அயலாரே ஆவர்.

ஆதலின் இவ்வாண்டு விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று: 2015-ஆம் ஆண்டில் போருக்கஞ்சி ஜெர்மனிக்கு வந்த மக்கள் நச்சுக்காளான் உண்டு துன்புற்றபோது, ஹனோவர் மருத்துவக் கல்லூரியார் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி அச்சிட்டு வழங்கினர். நம் சங்கமும் தமிழில் ஒரு சிறு அறிவிப்பினை அச்சிட்டு, மழைக்காலத்திற்கு முன் குடியிருப்புகள்தோறும் ஒட்டுதல் வேண்டும். இரண்டு: ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் குழந்தையை முதியோர் ஒருவரோடு விடியற்காலையில் விளைக்கு அனுப்பி, எஞ்சியுள்ள புற்றுகளைக் கண்ணால் காணச் செய்தல் வேண்டும், வீட்டு நிலத்தில் ஒரு புற்றையாவது அழியாது விட்டுவைத்தல் வேண்டும். மூன்று: இங்குள்ள சந்தையில் காளான் விற்கும் மூதாட்டியரோடு இரண்டு சொல் பேசிப் பழகுதல் வேண்டும். அவர்கள் காட்டும் அன்பு பெரிது. அவர்கள் அறிந்தது அதனினும் பெரிது.

பிறந்த ஊரின் அறிவைப் போற்றுவோம். புகுந்த ஊரின் அறிவைக் கற்போம். முன்னதை மறந்தால் வேர் அறும். பின்னதை மறுத்தால் உயிர்க்கே கேடு வரலாம். இவ்விரண்டையும் உடையவனே நல்ல குடிபெயர்ந்தோன் என்று கூறி அமைகின்றோம்.